பழைய சைக்கிளின் ரிம் பிரேக்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

பழைய சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கேலிப்பரைத்தான் குறை சொல்கிறார்கள். ரிம்மை இருபுறமும் கவ்வும் அந்த உலோகக் கைகள்தான் கண்ணில் முதலில் படுகின்றன. துருவும் கீறலுமாகத் தெரிவதால், புதியது வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அப்படிச் சரியாவது குறைவு. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய கேலிப்பர் இன்னமும் நன்றாகவே வேலை செய்யும். கெட்டுப்போவது அதைச் சுற்றியிருப்பவை: காய்ந்து இறுகிய ரப்பர் கட்டை, உள்ளே துருவேறிய கேபிள், எண்ணெய் படிந்த ரிம். இந்த மூன்றையும் கவனித்த பிறகும் வண்டி நிற்க மறுத்தால்தான் புதிய பிரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அளவு. தயாரிப்பாளரின் பெயர் அதற்குப் பிறகு.

ரிம் பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. விரல்கள் லீவரை இழுக்கின்றன, லீவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் கேலிப்பரின் இரு கைகளையும் நெருக்குகிறது. கைகளின் நுனியிலுள்ள ரப்பர் கட்டைகள் சுழலும் ரிம்மை அழுத்துகின்றன. வண்டியின் ஓட்டம் உராய்வினால் வெப்பமாக மாறி, ரிம் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. விரலின் விசை இந்த வழியில் இரண்டு இடங்களில் பெருகுகிறது: லீவரில் ஒரு முறை, கேலிப்பரின் கைகளில் ஒரு முறை. ஆனால் விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, கட்டை நகரும் தூரம் அத்தனை மடங்கு குறையும். லீவர் ஹேண்டில்பாரை முட்டும்வரை கிடைக்கும் இழுப்பு கொஞ்சம்தான். அதற்குள் கட்டை ரிம்மைத் தொட வேண்டும், அழுத்த வேண்டும், கேபிளும் கைகளும் நெகிழ்வதால் வீணாகும் தூரத்தையும் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கணக்கு மனதில் நின்றுவிட்டால், எந்த பிரேக் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

ரிம் எந்த உலோகம்?

பிரேக்கின் பாதி ரிம்தான் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறதா? ஒட்டினால் அது எஃகு ரிம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் குரோமியம் பூசியது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவை.

எஃகு ரிம் உறுதியானது, பல தலைமுறை தாங்கும், துடைத்தால் கண்ணாடி போல் மின்னும். ஆனால் அந்த வழவழப்பே அதன் குறை. உலர்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். நனைந்துவிட்டால் ரப்பருக்கும் குரோமியத்துக்கும் இடையிலுள்ள உராய்வு படுமோசமாகச் சரிந்து, வண்டி நிற்க எடுக்கும் தூரம் பல மடங்கு நீளும். எவ்வளவு உயர்ந்த கேலிப்பரைப் பொருத்தினாலும் இந்தக் குறை தீராது. அலுமினிய ரிம்மிலும் ஈரத்தில் பிடிப்பு குறையத்தான் செய்யும். ஆனால் சக்கரம் சில சுற்றுகள் சுழல்வதற்குள் கட்டை நீரை வழித்தெடுத்துவிடும். பிடிப்பு திரும்பி வந்துவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: எஃகு ரிம் உள்ள வண்டியை மழையிலும் தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், கையிலுள்ள பணத்தை முதலில் அலுமினிய ரிம்மில் போடுங்கள். பழைய சைக்கிளின் பிரேக்கில் செய்யக்கூடிய மாற்றங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தருவது வேறு எதுவும் இல்லை. வண்டியை அதன் அசல் உருவத்திலேயே வைத்திருக்க விரும்புவோருக்குத் தோல் முகம் பதித்த கட்டைகள் உண்டு. குரோமிய ரிம்மில், குறிப்பாக ஈரத்தில், இவை ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அலுமினிய ரிம்மில் அவற்றைப் போடக் கூடாது.

என்னென்ன வகைகள் பழைய வண்டிகளில் வரும்

மிகப் பழையது ராடு பிரேக். இதில் கேபிளே கிடையாது. லீவரிலிருந்து எஃகுக் கம்பிகளும் மூட்டுகளும் இறங்கி, லாட வடிவிலான ஒரு வளையத்தை மேலே இழுக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைத் தொடாது. ஆரக்கம்பிகள் செருகப்பட்டிருக்கும் உள்முகத்தில், கம்பி வரிசையின் இருபுறமும், அடியிலிருந்து அழுத்தும். இதற்கென்றே வெஸ்ட்வுட் எனப்படும் தனி வடிவ ரிம் உண்டு. சாதாரண ரிம்மில் இந்தப் பிரேக் வேலை செய்யாது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மற்ற ரிம் பிரேக்குகளில் சக்கரம் இடவலமாக ஆடினால்தான் பிரச்சினை. ராடு பிரேக்கில் சக்கரம் மேலும் கீழுமாக ஏறி இறங்கினால்தான் பிரச்சினை. கோட்டம் எடுப்பவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. மற்றபடி இது பல்லாண்டு உழைக்கும் நேர்மையான அமைப்பு. மூட்டுகளுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய், கம்பிகளைப் பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்ற கவனிப்பு, தேய்ந்த கட்டைக்குப் பதில் புதியது. இவற்றுக்கு மேல் அது எதையும் கேட்பதில்லை.

கேபிள் பிரேக்குகளில் அதிகம் காணப்படுவது ஒற்றை மைய சைடுபுல். இரண்டு கைகளும் ஒரே போல்ட்டில் கோத்திருக்கும். கேபிள் ஒரு பக்கமாக வந்து சேரும். எளிய அமைப்பு. 1960களின் இறுதியில் காம்பக்னோலோ வெளியிட்ட ரெக்கார்டு பிரேக் இந்த வகையின் உச்சம். விலை குறைந்தவற்றில் தகட்டு எஃகுக் கைகள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். லீவரை அழுத்தினால் வண்டி நிற்பதற்கு முன் கைகளே வளைவதைப் பார்க்கலாம். அந்த ஒரு வகையை மட்டும் தயங்காமல் மாற்றலாம்.

சென்டர்புல் வகையில் கைகள் இரண்டும் ஒரு தகட்டின் இரு பக்கங்களில் தனித்தனி மையத்தில் சுழலும். மேலே ஒரு குறுக்குக் கேபிள் அவற்றை இணைக்கும். முதன்மைக் கேபிள் அதை நடுவில் பிடித்து மேலே தூக்கும். மாஃபாக், வைன்மான் போன்ற பெயர்களைப் பழைய பந்தய, சுற்றுலா வண்டிகளில் பார்க்கலாம். இவற்றை மட்டமாக எண்ணிக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். புதிய கட்டையும் புதிய கேபிளும் கொடுத்தால் நல்ல சென்டர்புல் மென்மையாகவும் சமச்சீராகவும் பிடிக்கும். பெரிய டயருக்கும் மட்கார்டுக்கும் தாராளமாக இடம் விடும்.

கேன்டிலீவர் பிரேக்கின் கைகள் ஃபோர்க்கிலும் பின்கவையிலும் பற்றவைத்த முளைகளில் சுழலும். 1996-இல் ஷிமானோ அறிமுகப்படுத்திய வி-பிரேக்கும் அதே முளைகளில்தான் ஏறும். கைகள் நீளமானவை, வலிமை அதிகம். முளை இருக்கிறதா என்று பார்த்தாலே உங்கள் வண்டி இவற்றை ஏற்குமா என்று தெரிந்துவிடும். முளைகளின் உயரம் ஒரே ஒரு ரிம் அளவுக்காக வைக்கப்பட்டது. ஆகவே சக்கர அளவை மாற்ற இங்கே இடம் மிகக் குறைவு.

மீதமிருப்பது 1990களில் பரவிய இரட்டை மைய சைடுபுல். பார்வைக்கு ஒற்றை மையம் போலவே இருக்கும். ஆனால் கைகள் இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் சுழலும். விசைப் பெருக்கம் கூடுதல். ஒரு பக்கம் சாய்ந்துவிடும் தொல்லையும் குறைவு. பழைய சைடுபுல்லைக் கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இதுதான் என் தேர்வு. ஆனால் மேலே சொன்ன கணக்கை மறக்க வேண்டாம். விசை கூடியதால் நகர்வு குறையும். கட்டைகள் ரிம்முக்கு மிக அருகில் நிற்க வேண்டியிருக்கும். கோட்டமான சக்கரம் அந்த இடைவெளியில் உரசிக்கொண்டே ஓடும்.

வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கேலிப்பரின் கை எட்டும் நீளம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிரேக் போல்ட் நுழையும் துளையின் நடுவிலிருந்து, ரிம்மில் கட்டை உரசும் பட்டையின் நடுவரை நேர்கீழே அளவெடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய வண்டிகளில் பின்பக்கம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இன்றைய பந்தய வண்டிகளின் கேலிப்பர் சுமார் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும். அடுத்த நிலை 47 முதல் 57 மி.மீ. அதற்கும் மேல் 55 முதல் 73 மி.மீ. வரை எட்டுபவையும் கிடைக்கின்றன. பழைய வண்டிகளுக்குக் கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் தேவைப்படும். அழகாக இருக்கிறது என்று குட்டைக் கேலிப்பரை வாங்கிவிட்டால் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசும். சில கிலோமீட்டரிலேயே டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிடும்.

நீளம் கூடக் கூட விசைப் பெருக்கம் குறையும், கைகளின் நெகிழ்வும் கூடும். ஆகவே எட்டும் அளவுகளில் எது குறைவோ அதையே எடுங்கள்.

சக்கரத்தையும் மாற்றுகிறீர்கள் என்றால் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள்: 635, 630, 622, 590 என்று இருக்கும். அது டயர் அமரும் ரிம் விட்டம், மில்லிமீட்டரில். 27 அங்குலம் எனப்படும் பழைய சக்கரம் 630. இன்று எங்கும் கிடைக்கும் 700சி சக்கரம் 622. விட்டத்தில் 8 மி.மீ. வேறுபாடு என்றால் ஆரத்தில் 4 மி.மீ. கட்டைகள் இன்னும் 4 மி.மீ. கீழே இறங்கினால் போதும். பல பழைய கேலிப்பர்களில், கட்டையை மேலும் கீழும் நகர்த்திப் பூட்டும் நீளத் துளையான காடியில் அந்த அளவு இடம் இருக்கும். கேலிப்பரை மாற்றாமலே சக்கரத்தை மாற்றிவிடலாம். ராடு பிரேக் வண்டிகளின் 28 அங்குலப் பெரிய சக்கரம் 635. அதிலிருந்து 622-க்கு வந்தால் 6.5 மி.மீ. இறங்க வேண்டும். கேபிள் பிரேக்குக்கு மாறுவதாக இருந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்தே நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது போல்ட். பழைய சட்டங்களில் துளை முழுவதும் ஒரே அகலமாக இருக்கும், 6 மி.மீ. போல்ட் மறுபக்கம் வெளியே வந்து சாதாரண நட்டில் இறுகும். புதிய சட்டங்களில் மறுபக்கத் துளை 8 மி.மீ. அகலம், குழல் போன்ற நட்டு உள்ளே நுழைந்து போல்ட்டைப் பிடிக்கும். புதிய கேலிப்பரின் குட்டை போல்ட் பழைய சட்டத்தில் எட்டாது. சாதாரண நட்டில் இறுகும் நீண்ட போல்ட் வகை கேலிப்பரைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகச் சட்டத்தில் துளைபோடுவதை எனக்குப் பிடிப்பதில்லை, முக்கியமாக ஃபோர்க்கில்.

கடைசியாக லீவர். இங்கேதான் நல்ல உதிரிபாகங்களும் சேர்ந்து கெட்ட பிரேக்காக மாறுகின்றன. வி-பிரேக்குக்கான லீவர், சைடுபுல், சென்டர்புல், கேன்டிலீவர் ஆகியவற்றின் லீவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு கேபிளை இழுக்கும். வி-பிரேக் லீவரைப் பழைய சைடுபுல்லுடன் இணைத்தால் கைக்குக் கல்லாக உறுதியாகத் தெரியும். ஆனால் வண்டி நிற்காது. மாறாக, பழைய லீவரை வி-பிரேக்குடன் இணைத்தால் கட்டை ரிம்மை அழுத்துவதற்குள் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். கட்டையை மிக நெருக்கமாக வைத்து ஓட்டினால் திடீரென்று இறுகிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். லீவரும் பிரேக்கும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

கட்டைகள்

பழைய வண்டியில் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான். மிகக் குறைந்த செலவும் இதுதான். கட்டை தேயாமல் புதிதுபோல் தெரிவதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த அழிரப்பர் எழுத்தை அழிக்காமல் தாளில் வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பிரேக் கட்டைக்கு நேர்வதும் அதேதான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் பதியவில்லை என்றால், காடிகள் ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஈரத்தில் பிடிக்கவென்று செய்யப்பட்ட கலவைகள் உண்டு. கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை அவற்றில் பெயர் பெற்றது. ரிம்மையும் மெதுவாகவே தேய்க்கும்.

கட்டையைப் பொருத்தும்போது மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள்.

ஒன்று, உயரம். கட்டை முழுவதும் ரிம்மின் உரசும் பட்டைக்குள் அடங்க வேண்டும்; மேல் விளிம்பிலிருந்து சுமார் 1 மி.மீ. கீழே நிற்கட்டும். மேலே போனால் டயரைக் கிழிக்கும். கீழே போனால் ரிம்மின் அடியில் நழுவி ஆரக்கம்பிகளுக்குள் நுழையலாம்; ஓடும்போது அது நேர்ந்தால் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். கட்டை தேயத் தேய அதன் இடமும் மாறும் என்பதை ஞாபகம் வையுங்கள். கேன்டிலீவர், வி-பிரேக் ஆகியவற்றின் சுழல்மையம் ரிம்முக்குக் கீழே இருப்பதால் தேய்ந்த கட்டை கம்பிகளை நோக்கி இறங்கும். சென்டர்புல்லில் மையம் ரிம்முக்கு மேலே, வெளிப்பக்கமாக இருப்பதால் கட்டை டயரை நோக்கி ஏறும். முதல் நாள் சரியாக வைத்தது ஆறு மாதத்தில் தவறாகிவிடுவது இப்படித்தான்.

இரண்டு, திசை. உலோகத் தாங்கிக்குள் ரப்பர் செருகிய வகையில் தாங்கியின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். மூடிய முனை வண்டியின் முன்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். கட்டை தொடும் இடத்தில் ரிம் முன்னோக்கி நகர்கிறது; பிடிக்கும்போது ரப்பரையும் தன்னோடு முன்னே இழுக்கிறது. திறந்த முனை முன்பக்கம் இருந்தால், பலமாகப் பிடித்த மாத்திரத்தில் ரப்பர் தாங்கியை விட்டுப் பறந்துவிடும். உயிரோடு விளையாடும் தவறு இது. இடம், வலம் என்று கட்டையில் குறித்திருந்தால் அதைப் படித்து மாட்டுங்கள்.

மூன்று, சாய்வு. கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட வேண்டும். அப்போது பின்முனையில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பிரேக்கின் கிறீச்சொலி, ரிம் கட்டையைப் பற்றுவதும் விடுவதுமாக மாறி மாறி அதிர்வதால் எழுவது. முன்முனை முதலில் பதிந்தால் அந்த அதிர்வு பெரும்பாலும் எழாது. குழிந்த, குவிந்த வாஷர்களுடன் வரும் கட்டையில் இந்தச் சாய்வை எளிதாக வைக்கலாம்: கட்டையின் பின்முனையில் மடித்த ஒரு தாளைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்கினால் போதும். வாஷர் இல்லாத பழைய கட்டையில் கேலிப்பர் கையையே ஸ்பேனரால் முறுக்கிச் சாய்ப்பது ஒரு பழைய வழக்கம். அலுமினியக் கை அதில் விரிசல் விடலாம். வாஷர் உள்ள கட்டையே வாங்குங்கள்.

சாய்வு சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் கேலிப்பரின் மையப் போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபோர்க் சட்டத்தில் சுழலும் பேரிங் கோப்பைகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கேன்டிலீவர் முன்பிரேக்கில் ஃபோர்க்கே முன்னும் பின்னும் உதறினால், கேபிளைத் தாங்கும் கொக்கி ஹேண்டில்பாரின் கீழே மிக உயரத்தில் இருப்பது காரணமாக இருக்கலாம். ஃபோர்க்கின் தலையில் கொக்கி வைத்தால் அந்த உதறல் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேபிள்

பிரேக் கனமாக இருக்கிறது, விட்டாலும் கட்டை திரும்பி வர மறுக்கிறது என்றால் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். உள்கம்பி வெளிக்குழலுக்குள் தடையின்றி வழுக்க வேண்டும். பழைய குழல்களில் உள்ளே பிளாஸ்டிக் உறை கிடையாது. எஃகின்மேல் எஃகு உரசும். எண்ணெய் காய்ந்ததும் துரு பிடிக்கும். குழலையும் கம்பியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

பிரேக் குழலும் கியர் குழலும் வெளியே ஒன்றுபோல் தெரியலாம், உள்ளே வேறு. பிரேக் குழல் சுருளாகச் சுற்றிய எஃகுப் பட்டை. கியர் குழலில் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். பிரேக்கின் அழுத்தத்தில் அது வெடித்துப் பிளந்துவிடும். கியர் குழலைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். உள்கம்பியின் தலையிலும் இரண்டு வடிவம் உண்டு: வளைந்த ஹேண்டில்பார் லீவருக்குப் பேரிக்காய் வடிவம், நேரான ஹேண்டில்பார் லீவருக்கு உருளை வடிவம். பழைய லீவரைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குழலை வெட்டும்போது முனை நசுங்கி உள்நோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். அதை அரத்தால் தேய்த்துச் சமமாக்காவிட்டால் புதிய கம்பியை ஒவ்வொரு இழுப்பிலும் அறுத்துக்கொண்டே இருக்கும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாமலும் தேவைக்கு மேல் வளையாமலும் நீளத்தை முடிவு செய்யுங்கள். கம்பி அறுவது பெரும்பாலும் லீவருக்குள், தலையை ஒட்டிய இடத்தில். மாதம் ஒரு முறை லீவரை முழுதாக இழுத்து அந்த இடத்தைப் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சென்டர்புல்லும் கேன்டிலீவரும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முன்பிரேக்கின் முதன்மைக் கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் தளர்ந்து டயர்மேல் விழும். முரட்டுக் கட்டங்கள் கொண்ட டயர் அதைக் கவ்விச் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். மட்கார்டு இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஃபோர்க்கின் தலையில் ஒரு சிறு கொக்கியாவது பொருத்துங்கள்.

சரிசெய்யும் வரிசை

வரிசை தவறினால் ஒரே வேலையை மூன்று முறை செய்ய நேரும். முதலில் ஹப்பைக் கவனியுங்கள்: சக்கரத்தைப் பிடித்து இடவலமாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது, தெரிந்தால் ஹப்பின் பேரிங்கை இறுக்கும் கோனைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து ரிம்மின் கோட்டம். அதன் பிறகுதான் பிரேக்கில் கைவைக்க வேண்டும். ஆடும் சக்கரத்துக்கு ஏற்பக் கட்டைகளை விலக்கி வைத்தால் லீவரின் இழுப்பில் பாதி அங்கேயே செலவழிந்துவிடும்.

ஒற்றை மைய சைடுபுல்லில் முன்னால் இரண்டு நட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். வெளிநட்டைத் தளர்த்தி, உள்நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, கைகள் தாமாகத் திரும்பி வருமளவுக்குச் சற்றே பின்வாங்கி, பிறகு வெளிநட்டை அதன்மேல் பூட்டுங்கள். இரு கைகளுக்கும் இடையிலும் ஸ்பிரிங் முனைகள் உரசும் இடத்திலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வழிந்தால் கட்டையைத் தொடுவதற்குள் துடைத்துவிடுங்கள். கேலிப்பர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பின்னாலுள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தி, மொத்தக் கேலிப்பரையும் நடுவுக்குத் திருப்பி மீண்டும் இறுக்குங்கள். சுத்தியலால் ஸ்பிரிங்கைத் தட்டி வளைப்பது சில நாள்தான் நிற்கும்.

கேபிளைப் பூட்டுவதற்கு முன் அதிலுள்ள சரிப்படுத்தும் திருகை முழுதாக உள்ளே திருப்பிவிட்டு, பிறகு இரண்டு மூன்று சுற்று வெளியே எடுங்கள். கட்டை தேய்ந்த பிறகு சரிக்கட்ட அப்போதுதான் திருகில் இடம் இருக்கும். கட்டைகளைக் கையாலோ ஒரு கயிற்றாலோ ரிம்மோடு நெருக்கிப் பிடித்து, கேபிளை இழுத்துப் பூட்டுங்கள். பிறகு நின்ற இடத்திலேயே லீவரை முழுபலத்தோடு பல முறை அழுத்துங்கள். புதிய கேபிள் தன் இடத்தில் படிந்து சற்றுத் தளரும். பூட்டு பலவீனமாக இருந்தால் இப்போதே நழுவிவிடும். தெருவில் நழுவுவதைவிட அது நல்லது. முழு அழுத்தத்திலும் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும்.

ரிம்மின் சுத்தமும் தேய்மானமும்

ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாலே பாதிப் புகார்கள் போய்விடும். செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது பறக்கும் துளிகள் பின்ரிம்மில் படியும். ஆகவே தெளிப்பானைவிடச் சொட்டு எண்ணெயே நல்லது. ரிம் பளபளக்க வேண்டும் என்று மெழுகோ பாலிஷோ பூசாதீர்கள். கட்டைகளின் முகத்தையும் பாருங்கள்: மின்னும் சிறு உலோகத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசிமுனையால் நோண்டி எடுத்து, முகத்தை மணல்தாளில் இரண்டு முறை தேய்த்துவிடுங்கள். அந்தத் துணுக்குகள் ரிம்மிலிருந்து பிய்ந்தவை. விட்டுவைத்தால் அவையே ரிம்மை மேலும் சுரண்டும். மழையில் ஓட்டும்போது கேட்கும் கரகர ஒலி பெரும்பாலும் இதுதான்.

பழைய வண்டியை நன்றாக நிறுத்த விரும்புகிறவர் முன்பிரேக்கை நம்பப் பழகவும் வேண்டும். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் லேசாகி எளிதில் வழுக்கும். சாதாரண சைக்கிளில் ஓட்டுபவர் முன்னால் கவிழாமல் பெறக்கூடிய உச்ச வேகத்தணிப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும். பின்பிரேக் மட்டும் தருவது அதில் ஏறத்தாழ பாதி. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, உலர்ந்த சாலையில் முன்பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தினால் சுமார் 5 மீட்டரில் நிற்கும். பின்பிரேக் மட்டும் என்றால் சுமார் 10 மீட்டர். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால் முன்பிரேக்கை முதலில் சரிசெய்யுங்கள். நீண்ட இறக்கங்களில் விடாமல் அழுத்திக்கொண்டே போக வேண்டாம். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். சற்றுப் பலமாகப் பிடித்து, விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ரிம் ஆற இடைவெளி கிடைக்கும்.

இப்படிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ரிம்மின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. அலுமினிய ரிம்மில் இது வேகமாக நடக்கும். புதிய ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்தால் ரிம்மின் காலம் முடிந்தது. பழைய ரிம்களில் அந்த அடையாளம் பெரும்பாலும் கிடையாது. ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை உரசும் பட்டையின்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. குழிவு விரலுக்கே தெளிவாகத் தட்டுப்பட்டாலோ, எங்காவது விரிசலோ புடைப்போ தெரிந்தாலோ அந்தச் சக்கரத்தில் இனி ஓட்டாதீர்கள். டயரின் காற்றழுத்தம் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மெலிந்த சுவர் ஒருநாள் நீளமாகப் பிளந்துவிடும், அநேகமாக பிரேக் பிடிக்கும்போதே.

புதிய ரிம் வாங்கும்போது பழைய ஹப்பின் ஆரக்கம்பித் துளைகளை எண்ணிக்கொண்டு போங்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் முன்ஹப்புக்கு 32, பின்ஹப்புக்கு 40. இன்று அதிகம் கிடைப்பவை 32-ம் 36-ம். 40 துளை ரிம்மைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பின்ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ரிம்மின் ஆழம் மாறினால் ஆரக்கம்பியின் நீளமும் மாறும். சக்கரம் கட்டுபவரிடம் ஹப்பையும் ரிம்மையும் ஒன்றாகக் கொடுத்து அளக்கச் சொல்லிவிட்டுக் கம்பி வாங்குங்கள்.